புள்ளிக்குப் பின்னால் பிரமிளா

பிரமிளாவுக்கு என்ன வேலை என்று ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் யார் கேட்டாலும் அவள் அப்பா ஐயாவு ஒரே பதிலைத்தான் சொல்வார். "மேகம் தொடைக்கிற வேலை." கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். மகள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார், அவ்வளவுதான். அதில் பொய்யும் ஒன்றுமில்லை.

நம் நாட்டை வானத்திலிருந்து படம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. துணைக்கோள் பாவம், முறை தவறாமல் வந்து எடுத்துவிட்டுத்தான் போகிறது. எடுத்த படத்தில் பாதிக்கு மேல் மேகம் என்றால் அது என்ன செய்யும்? பீடோர் ஊர் தெரிந்தால் சுங்காய் தெரியாது. சுங்காய் தெரிந்தால் தெலுக் இந்தான் வெள்ளைப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும். புவிநோக்கு வாரியம் என்ற அரசாங்க அலுவலகத்தின் ஈப்போ கிளையில் உட்கார்ந்துகொண்டு பிரமிளா முப்பது வருஷத்துப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். இந்த வளைவுக்கு அந்த வருஷம் வெயில் அடித்திருக்கிறது, அந்தக் கரைக்கு இந்த வருஷம் வானம் வெளுத்திருக்கிறது என்று துண்டு துண்டாகப் பொறுக்கி, மேகமே இல்லாத ஒரே படமாக ஒட்டி எடுப்பாள். ஆறு எந்தக் கரையை அரிக்கிறது, அடுத்த வெள்ளம் எந்தப் பக்கம் ஏறும் என்று பார்ப்பதற்கு அந்தப் படம்தான் ஆதாரம்.

முதல் தடவை அதை ஒட்டி முடித்த அன்றைக்கு, "அடேயப்பா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தது. பேராக் ஆறு மலையிலிருந்து கடல்வரைக்கும் ஒரு மறைப்பும் இல்லாமல் கிடந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த ஆறு. பள்ளி பஸ்ஸில் அதைத் தாண்டியிருக்கிறாள், பாலத்தில் நின்று எச்சில் துப்பி எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று பார்த்திருக்கிறாள். அது இப்படி நெளிந்து நெளிந்து தன் பழைய வழிகளையெல்லாம் மண்ணில் தழும்பாக வைத்துக்கொண்டு போகும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து அவள் பாட்டன் பூட்டன் வெட்டிய காடெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. வகிடெடுத்துச் சீவிய தலைபோல வரிசை வரிசையாக நின்றது. உடம்பெல்லாம் புல்லரித்துப் போய், பசியாறக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு வருஷம் ஆகியும் அந்த மலைப்பு மட்டும் அவளுக்குக் குறையவே இல்லை.

குறையாதது இன்னொன்றும் உண்டு. அது ஒப்பந்தம். சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒப்பந்த ஊழியர். டிசம்பரில் ஒப்பந்தம் முடியும், ஜனவரியில் இன்னும் ஒரு வருஷம் என்று கடிதம் வரும். சுங்காய்க்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். தோட்டத்து வீடு தோட்டத்துக்குத்தானே சொந்தம். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் நாலு வாடகை வீடு மாறிவிட்டார்கள். ஈப்போவில் ஒரு சின்ன வீட்டுக்குக் கடன் கேட்டு வங்கி வாசலைத் தேய்த்துப் பார்த்தாள். "வேலை நெரந்தரமா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் அந்தச் சிரித்த முகம் அப்படியே மூடிக்கொள்ளும். நாற்பத்தொரு வயதில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான், நிரந்தரம்.

கிளைத் தலைவர் அழகப்பனும் சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் அவளுக்காகக் கோலாலம்பூருக்கு எழுதுவார். 'நிதி இல்லை' என்று வருஷா வருஷம் பதில் வரும். அழகப்பன் செட்டிநாட்டு வம்சம், ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். காசு விஷயத்தில் மனுஷர் கறார். அலுவலகத்தில் ஏர்கண்டிஷனை இருபத்தாறுக்குக் கீழே இறக்கினால் அவருக்கே குளிர் ஜுரம் வந்துவிடும். அப்படிப்பட்டவர் இந்த வருஷம் எப்படியோ மல்லுக்கட்டி, பிரமிளாவின் பெயரை வாரியத்தின் பெரிய கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் ஏற்றிவிட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட அவர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு கறிபாப் பலகாரம். அவருக்கு அது விருந்து.

கறிபாப் செரிப்பதற்குள் பில் வந்தது.

இந்தப் படங்களையெல்லாம் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈப்போவில் இல்லை. எங்கோ ஒரு பெரிய கம்பெனியின் கணினிக் கிடங்கில் வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் கிளவுட், மேகம். "மேகத்துக்குப் போயி எவன்ம்மா வாடகை வாங்குறான்?" என்று ஐயாவு ஒருமுறை கேட்டார். வாங்குகிறான். உள்ளே போட்டு வைக்கக் கொஞ்சமாக வாங்குவான். வெளியே எடுக்கும்போதுதான் கழுத்தைப் பிடிப்பான். ஈப்போ கிளைக்கு வழக்கமாக மாசம் ஒன்பதாயிரம் வெள்ளி வரும்.

"பிரமிளா, இங்க கொஞ்சம் வாம்மா" என்று அழகப்பன் கூப்பிட்டார். குரல் சரியில்லை. "சைபர் ரெண்டு கூட விழுந்திருக்கான்னு பாரு. எனக்குக் கண்ணு சரியில்ல போல."

அவள் பார்த்தாள். சைபர் ஒன்றும் கூட விழவில்லை. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் வெள்ளி.

பேயறைந்தது போல இரண்டு பேரும் நின்றார்கள். ஏர்கண்டிஷன் இருபத்தாறில் இருந்தும் பிரமிளாவுக்குக் கை சில்லிட்டது.

"யாராச்சும் திருடனா சார்?"

"திருடன்னா ஒரே ராத்திரியோட போயிருப்பானே. இது தெனம் தெனம் ஏறியிருக்கும்மா. ஒரு மாசமா." அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "கேஎல்-லருந்து போன் வந்துருச்சு. வெள்ளிக்கிழமை கூட்டத்துல காரணம் சொல்லணுமாம். அதே கூட்டத்துலதான் உன் வேலையும் இருக்கு. முந்தி பில்லு, அதுக்கு அடுத்து நீ."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்கவும் வேண்டாம். ஆறு லட்சத்தைத் தொலைத்த கிளையில் ஓர் ஆளை நிரந்தரமாக்கு என்று எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது?

அந்த வாரம் முழுவதும் தேடினார்கள். புதிதாக யாரும் எதையும் ஏற்றவில்லை, யாரும் பெரிதாக எதையும் இறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பிரமிளா வந்து திறந்து பார்ப்பாள். அவள் படங்கள் அத்தனையும் வைத்தது வைத்தபடி இருக்கும். அப்புறம் காசு எங்கேதான் போனது? வியாழக்கிழமை காலை தலை வெடித்துவிடும் போல இருந்ததால், கீழே இருந்த கடையில் தே தண்ணி குடிக்கப் போனாள். கூடவே சுரேனும் வந்தான். கிளையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவன், வாய் மட்டும் ஊருக்கு மூத்தது.

"நம்மள ஏன்க்கா போட்டு வதைக்கிறானுங்க?" என்று அவன் புலம்பினான். "மேல உள்ளவனுங்க போட்டுருக்கானுங்களே ஒரு புதுத் துணைக்கோள் திட்டம், அது கணக்குச் சொல்ல முடியாத அளவுக்குக் காசு சாப்பிட்டுருச்சாம். அதனால கிளைக்காரனெல்லாம் மிச்சம் புடின்னு சுற்றறிக்கை. நானும் புடிச்சேனா இல்லையா? போன மாசத்துலருந்து குப்பையெல்லாம் தெனம் ராத்திரி தானா அழிக்கச் சொல்லி மிஷின்ல எழுதி வச்சிருக்கேன். அழிக்கவேண்டியதுக்கு நம்ம ஆளுங்க ‘படாம்’னு பேரு போட்டு வப்பாங்கல்ல, அதுல்லாம் போயிரும். இப்ப எவ்ளோ சுத்தமா இருக்கு தெரியுமா லா?"

வாய்க்குக் கொண்டுபோன கிளாஸ் பிரமிளாவின் கையிலேயே நின்றது. "என்னா பேரு?"

"படாம்."

"அத எப்படி எழுதியிருக்க?"

அவன் மேசையில் சிந்தியிருந்த தேநீரைத் தொட்டு, ஆங்கில எழுத்து ஐந்தையும் விரலால் எழுதிக் காட்டினான். பி, ஏ, டி, ஏ, எம்.

"சுரேன்," என்றாள், "அது படாம் இல்ல லா. படம். என் படம்!"

"ஆமாக்கா, படாம்தான்."

"ஐயோ, கேளு லா! படம். போட்டோ. பிக்சர். நாந்தான் அப்படிப் பேரு வச்சேன்!"

சுரேனின் முகத்தில் அது மெல்ல இறங்குவதைப் பார்க்கவேண்டுமே! மலாயில் படாம் என்றால் அழி, அணை. கரும்பலகையையும் படாம் பண்ணலாம், விளக்கையும் படாம் பண்ணலாம். நம் தமிழில் படம் என்றால் படம். வாயால் சொன்னால் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். ஆங்கில எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே. வேலையில் சேர்ந்த முதல் நாள், படங்களைப் போட்டு வைக்கும் புது அறைக்குப் பெயர் என்ன என்று கணினி கேட்டபோது, படத்துக்கான மலாய்ச் சொல்லைக் காம்பார் என்று போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவள் கை தன் பாட்டுக்குப் படம் என்று அடித்துவிட்டது. பதினோரு வருஷமாக அது யாரையும் கடிக்கவில்லை. மூன்று மொழியையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிற ஊரில் இந்தமாதிரி ஒரு சங்கதி எங்கேயாவது ஒருநாள் பல்லில் சிக்கத்தானே செய்யும்?

இரண்டு பேரும் தேநீரை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார்கள். கணினி தன் வேலையையெல்லாம் குறித்து வைக்கும் பக்கத்தைத் திறந்தார்கள். சுரேனின் மிஷின் நள்ளிரவில் வந்து பிரமிளாவின் படங்கள் முழுவதையும் அழித்திருந்தது. ஆனால் பிரமிளாவும் முன்னொரு காலத்தில் ஒரு மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்தாள். படம் ஏதாவது காணாமல் போனால், காலையில் நான் வருவதற்குள் வாடகை மேகத்தின் அடிக்கிடங்கில் இருக்கும் மறுபிரதியை எடுத்துத் திரும்ப வைத்துவிடு என்று. அது சொன்ன சொல் தவறாத மிஷின். விடிவதற்குள் முப்பது வருஷத்துப் படங்களையும் வெளியே எடுத்து வைத்திருந்தது. எடுத்ததற்குக் கூலி உண்டு. மறுநாள் இரவு இது அழிக்க, மறுபடி அது எடுத்து வைக்க, ஒரு மாசமாக இரண்டும் சண்டையே இல்லாமல் சண்டை போட்டிருந்தன.

பிரமிளா வாயைப் பிளந்தபடி அந்த வரிகளைப் பார்த்தாள். பயம் வரவேண்டிய நேரத்தில் அவளுக்கு வந்தது வேறு. "சுரேன், பாரேன் இத. தெனம் ராத்திரி மலையும் ஆறுமா நாடே அழிஞ்சு போயிருக்கு. விடியிறதுக்குள்ள நாடே திரும்பி வந்திருக்கு. நாம பாட்டுக்குத் தூங்கியிருக்கோம். காலைல வந்து நான் வேற, எல்லாம் சரியா இருக்குன்னு உக்காந்திருக்கேன்!" ஐந்து எழுத்து. அந்த ஐந்து எழுத்து ஒரு தேசத்தையே தினமும் தூக்கி இறக்கியிருக்கிறது.

சுரேனுக்கு அந்த வியப்பெல்லாம் இல்லை. அவனுக்கு வேர்த்து ஊற்றியது. "யக்கா, நாளைக்குக் கூட்டத்துல சிஸ்டம் சாலான்னு சொல்லிருவோம். சிஸ்டம் கோவிச்சுக்காது."

சாலா என்றால் தப்பு. சிஸ்டத்தின்மேல் போடுகிற பழிக்கு இந்த நாட்டில் கணக்கே இல்லை. பிரமிளாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சுரேனின் மிச்சம்பிடிக்கும் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் அழகப்பன். பழி சுற்றிச் சுற்றி அவர் தலையில்தான் வந்து உட்காரும். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு மாசம்தான் இருந்தது. தனக்காக வருஷா வருஷம் எழுதிய மனுஷர்.

"வேணாம்" என்றாள். "பேரு வச்சது நானு. நானே சொல்றேன்."

"வேல போயிரும்க்கா."

"எந்த வேல? டிசம்பர்ல முடியிற வேலதானே?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை. அழகப்பனின் அறையில் பெரிய திரையைப் போட்டு, அவரும் பிரமிளாவும் அதன் முன் உட்கார்ந்தார்கள். திரையில் கோலாலம்பூர் தெரிந்தது. நீள மேசை, சுற்றிலும் கோட்டுப் போட்டவர்கள், நடுவில் டத்தோ பட்டம் பெற்ற வாரியத் தலைவர். பேச்செல்லாம் மலாயில். முதலில் எடுத்தது துணைக்கோள் கணக்கு. பில் அதற்கு அடுத்தது என்பதால் இவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

அடேயப்பா, அது என்ன கணக்கு! ஏவுவதற்குப் பேசி வைத்த ராக்கெட் வேறு ஆளுக்குப் போய்விட்டதாம், புது இடத்துக்குப் புது விலை. தாமதத்துக்கு ஒரு காசு. தாமதமானதால் காப்புறுதி ஏறியதற்கு ஒரு காசு. கட்டி முடித்த தரை நிலையம், துணைக்கோள் வருவதற்குள் பழையதாகிவிட்டதாம். அதைப் புதுப்பிக்க ஒரு காசு. போட்ட மதிப்பீட்டுக்கு மேல் இன்னும் முந்நூற்று எழுபது மில்லியன் வெள்ளி வேண்டும் என்றார் செயலாளர். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒருவர் பிஸ்கட் எடுத்துக் கடித்தார். ஒருவர் சன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார். முந்நூற்று எழுபது மில்லியன்! ஒரு வாரமாக அவள் தூக்கத்தைக் குடித்த ஆறு லட்சத்து நாற்பதாயிரம், இதற்கு முன்னால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"அடுத்தது, ஈப்போ பில்" என்றார் செயலாளர்.

அழகப்பன் எழப் பார்த்தார். பிரமிளா அவரை முந்திக்கொண்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் வைத்தது நான், தமிழில் படம் என்றால் காம்பார், மலாயில் வேறு அர்த்தம் வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை, நேற்றே மாற்றிவிட்டேன், தப்பு என்னுடையது.

கோலாலம்பூர் சிரித்தது. கோபமே இல்லை. டத்தோ வயிறு குலுங்கச் சிரித்தார். "படாம்! படம்! அழி என்று சொன்னால் அது கொண்டுவந்து வைக்கிறதா? அருமை!" பிறகு செயலாளரிடம் திரும்பினார். "எவ்வளவு?"

"புள்ளி ஆறு நாலு மில்லியன், டத்தோ. துணைக்கோளோடு சேர்த்தால் முந்நூற்று எழுபது புள்ளி ஆறு நாலு."

"முந்நூற்று எழுபத்தொன்றாகப் போடு. புள்ளி வைத்துக் கேட்டால் மேலே சிரிப்பார்கள். அடுத்தது?"

அவ்வளவுதான். அவள் தலையை வெட்டும் என்று நினைத்த கத்தி, பிஸ்கட்டைக்கூட வெட்டாமல் போய்விட்டது.

"அடுத்தது, ஈப்போ கிளை, ஒரு நிரந்தரப் பதவி" என்று செயலாளர் படித்தார். "நிதி இல்லை, டத்தோ. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"சரி. அடுத்தது?"

அழகப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பழகிப்போன பதில்தான். பிரமிளாவும் தலையைக் குனிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மனம் அந்த எழுபத்தொன்றிலேயே நின்றுகொண்டிருந்தது. துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டுகிறவள் இல்லையா? எங்கே இடைவெளி விட்டிருக்கிறது என்று அவள் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

"டத்தோ, மன்னிக்கணும்" என்றாள். அழகப்பன் அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் நிறுத்தவில்லை. "எழுபது புள்ளி ஆறு நாலை எழுபத்தொன்றாக்கினீர்கள். நடுவில் மூன்று லட்சத்து அறுபதாயிரம் வெள்ளி சும்மா நிற்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. என் சம்பளம் வருஷத்துக்கு நாற்பத்திரண்டாயிரம். நான் தப்பாகச் செய்த பில்லை அந்தப் புள்ளிக்குப் பின்னால் போட்டுவிட்டீர்கள். சரியாகச் செய்கிற என்னையும் அங்கேயே போட்டுவிடுங்களேன்."

திரையில் ஒருவரும் அசையவில்லை. படம்தான் உறைந்துவிட்டதோ என்று அழகப்பன் நினைத்தார். டத்தோ முதன்முறையாகக் கேமராவை நேராகப் பார்த்தார்.

"எத்தனை வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள்?"

"பதினோரு வருஷம், டத்தோ."

அவர் செயலாளரைப் பார்த்தார். "போகுமா?"

செயலாளர் ஒரு தாளைப் புரட்டினார். "போகும், டத்தோ. ஆள்செலவு என்று ஒரு தலைப்பு இருக்கிறது."

"அப்படியானால் போடு. அடுத்தது?"

அடுத்தது கார் நிறுத்துமிடம் பற்றியது. அழகப்பன் திரையை அணைத்தார். கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்ற சுரேன் உள்ளே பாய்ந்தான். "மெனாங் லா, அக்கா! ஜெயிச்சுட்டீங்க! வீடு வாங்குறோம், கிடா வெட்டுறோம்!"

பிரமிளா எழுந்திருக்கவில்லை. இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வாடகை வீடு. ஒவ்வொரு டிசம்பரும். வங்கி வாசலில் மூடிக்கொண்ட அந்த முகங்கள். இந்தக் கடைசி வீட்டில் மழை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரனிடம் சொல்லக்கூடப் பயந்து, சட்டியை வைத்து அப்பா தண்ணீர் பிடித்தது. அத்தனையும் தீர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போடு என்று ஒரு சொல்.

"சார்," என்றாள். "இவ்ளோ லேசா சார்? பதினோரு வருசமா இது இவ்ளோ லேசாவா இருந்துச்சு?"

வருஷா வருஷம் கோலாலம்பூருக்கு எழுதி, வருஷா வருஷம் 'நிதி இல்லை'யைத் தன் வாயாலேயே அவளிடம் வந்து சொன்ன மனுஷர், மேசைமேல் கிடந்த நிகழ்ச்சி நிரலை மடித்து வைத்தார்.

"எனக்கும் இன்னிக்குத்தாம்மா தெரியும்."